சூடு ஆறினால் மறையும் பழுது

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஒரு பழைய ஜீப் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏலத்தோட்ட வேலை முடிந்து திரும்பும் ஆட்கள் உள்ளே. பாதி வழியில் ஓட்டுநர் மிதித்த பிரேக் பெடல் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் தரைவரை போய்விடுகிறது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் உரசவிட்டு எப்படியோ நிறுத்துகிறார். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் உறுதியாக நிற்கிறது. பட்டறையில் காட்டுவதற்குப் பழுது எதுவும் மிச்சமில்லை. ஏர் எடுத்து, மாஸ்டர் சிலிண்டருக்குப் புது கிட் போட்டு அனுப்புகிறார்கள். சில வாரங்களில் அதே இறக்கத்தில் பெடல் மறுபடியும் இறங்குகிறது.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் பிரேக் பழுதில், மாற்றப்பட்ட உதிரிபாகம் பெரும்பாலும் குற்றவாளி அல்ல. குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. வண்டி ஆறியதும் அதன் தடயமும் அழிந்துவிடுகிறது.

அந்த இறக்கத்தின் உயரம் சுமார் 1,000 மீட்டர். ஆட்களோடு 2 டன் எடையுள்ள ஜீப் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2 கோடி ஜூல். 65 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி நான்கு டிரம்களிலும் அவற்றுக்குள் உரசும் ஷூக்களிலும் வெப்பமாகத்தான் இறங்கியாக வேண்டும்.

காலின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது திரவம். அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் கண்டார். அதைக் காருக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். 1921இல் வந்த டூசன்பர்க் காரின் நான்கு சக்கரங்களிலும் அந்த பிரேக் இருந்தது. 1947இல் மஹிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பும் இதே வழியில்தான் நின்றது. 30 கிலோ விசையோடு மிதித்தால் பெடலின் நெம்புகோல் அதை ஆறு மடங்காக்குகிறது. ஒரு அங்குல விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ அழுத்தம் பிறக்கிறது. திரவம் சுருங்காது என்ற ஒரே உண்மையை நம்பித்தான் இத்தனையும் நடக்கிறது.

அந்த நம்பிக்கை முறியும் இடம் கொதிநிலை. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் கொதிநிலை 140 டிகிரிவரை இறங்கிவிடலாம். சக்கரத்தருகே ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானதும், காலின் விசை முழுவதும் அந்தக் குமிழை அமுக்குவதிலேயே செலவாகிறது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிறது, பெடல் எழுந்து நிற்கிறது.

அப்படியானால் ஆயிலை மாற்றினால் போதாதா? சில மாதங்களுக்குப் போதும். எல்லா ஜீப்பும் அதே இறக்கத்தில்தான் இறங்குகிறது, இது மட்டும் ஏன் கொதிக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும். எனக்கு மிகவும் வியப்பூட்டும் விடை மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிறது. அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டத்தில் ஒரு துளை உண்டு. காலை எடுத்ததும் ரப்பர் கப் பின்வாங்கி இந்தத் துளையைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் சூட்டில் விரிந்த ஆயில் மேலே உள்ள தொட்டிக்குத் திரும்ப முடியும். கிட் மாற்றும்போது பெடலிலிருந்து வரும் தள்ளுதண்டை ஒரு சுற்று அதிகம் முறுக்கிவிட்டால் கப் முழுதாகப் பின்வாங்காது, துளை மூடியே கிடக்கும். விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. அது ஷூக்களைத் தானே டிரம்மோடு அழுத்துகிறது. உரசல் கூடுகிறது, சூடு ஏறுகிறது, ஆயில் இன்னும் விரிகிறது. ஓட்டுநர் பெடலைத் தொடாமலே வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு ஓடும், கடைசியில் ஆயில் கொதிக்கும். பழைய வில்லிஸ் வகையில் இந்தச் சிலிண்டர் தரைத்தகட்டுக்குக் கீழே இருப்பதால், சேறு புகுந்தும் துளை அடைபடலாம்.

ஒரு சக்கரம் மட்டும் சூடேறினால் அதன் ரப்பர் ஹோஸைச் சந்தேகிக்க வேண்டும். வெளியே நல்ல நிலையில் தெரியும் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். கால் அழுத்தினால் ஆயில் சக்கரத்துக்குப் போய்விடும். திரும்பிவர அதற்கு அழுத்தம் போதாது.

பெடல் கெட்டியாக நின்றும் வண்டி நிற்காவிட்டால் விவகாரம் வேறு. லைனிங் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கலாம், அல்லது அதில் எண்ணெய் ஏறியிருக்கலாம். இங்கேயும் காரணம் தொலைவில் இருக்கக்கூடும். அச்சின் மேல் இருக்கும் ப்ரீத்தர் என்ற சிறிய காற்றுத்துளை சேற்றில் அடைபட்டால், சூடான காற்று வெளியேற முடியாமல் கியர் ஆயிலைச் சீல் தாண்டித் தள்ளிவிடும். சீலையும் ஷூவையும் எத்தனை முறை மாற்றினாலும் ப்ரீத்தரைத் துடைக்காதவரை லைனிங் நனைந்துகொண்டுதான் இருக்கும்.

பெடல் சிறிது சிறிதாக, சீராக இறங்கினால் மட்டும் மாஸ்டர் சிலிண்டரின் கப்பைக் குறை சொல்லலாம்.

பழைய ஜீப்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் பாதைதான். எங்கே ஒழுகினாலும் பிரேக் முழுவதும் போய்விடும். 1968 முதல் அமெரிக்கா புதிய கார்களில் இரட்டைப் பாதையைக் கட்டாயமாக்கியது. மலையேறும் பழைய வண்டிக்கு இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பொருத்துவது நல்ல செலவு என்பேன். ஆனால் ஷூ தானே பிடித்துச் சூடேறும் கோளாறை அது தீர்க்காது.

அந்தக் கோளாறைப் பிடிக்க வண்டி சூடாக இருக்கும்போதே தேட வேண்டும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்க்கலாம். சக்கரங்கள் இறுகியிருந்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சூடான ஆயில் பீறிடும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. எல்லாச் சக்கரங்களும் விடுபட்டால் குற்றம் துளையிலோ தள்ளுதண்டிலோ இருக்கிறது. ஒன்று மட்டும் விடாவிட்டால் அந்தச் சக்கரத்தின் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறக்க வேண்டும். அப்போது விட்டால் ஹோஸ். அப்போதும் விடாவிட்டால் டிரம்மைக் கழற்றி, தளர்ந்த ஸ்பிரிங்கையோ துருப்பிடித்து இறுகிய வீல் சிலிண்டரையோ தேட வேண்டியதுதான்.