குட்டித் தேங்காயும் ரம்மும்

கரீபியன் கடலில் புவேர்ட்டோ ரிக்கோ என்று ஒரு தீவு. கிறிஸ்துமஸ் நெருங்கினால் அங்கே வீட்டுக்கு வீடு குளிர்பெட்டியில் சில பாட்டில்கள் வரிசையாக நிற்கும். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக ஒரு பானம். பெயர் கொகீட்டோ. ஸ்பானிய மொழியில் 'குட்டித் தேங்காய்' என்று பொருள். தேங்காய்ப்பால், டின் பால், பட்டை, சாதிக்காய், ரம். அவ்வளவுதான்.

நியூயார்க்கில் இரண்டு ஆண்டு படித்தபோது என்னோடு வீடு பகிர்ந்துகொண்ட தோழியின் குடும்பம் அந்தத் தீவிலிருந்து வந்தது. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்குப் போன தீவு அது. 1917 முதல் அங்குள்ளோர் அமெரிக்கக் குடிமக்கள். விசா வேண்டியதில்லை, விமானச் சீட்டு இருந்தால் போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெருங்கூட்டமாக நியூயார்க்குக்கு வந்தார்கள். இன்று தீவில் இருப்பவர்களைவிட அமெரிக்க நிலப்பகுதியில் இருப்பவர்கள்தாம் அதிகம்.

தோழியின் அம்மா அக்டோபரிலேயே காலி பாட்டில்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுவார். பழச்சாறு பாட்டில், பழைய ரம் பாட்டில் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதி ஒட்டுவார். மாடிவீட்டுக்காரர், தேவாலயத்துச் சிநேகிதி, முடிவெட்டும் கடைக்காரர். யாருக்குப் பாட்டில் போகிறது, யாருக்குப் போகவில்லை என்பதுதான் அந்த ஆண்டின் உறவுக் கணக்கு. நம் வீடுகளில் தீபாவளிக்கு முறுக்கு டின் போகிற மாதிரி.

தீவில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. 'பர்ராந்தா' என்று ஒரு வழக்கம். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு உறவினரும் நண்பர்களும் ஓசைப்படாமல் ஒரு வீட்டு வாசலில் கூடி, கித்தாரும் தாளக்கருவிகளுமாகத் திடீரென்று பாட ஆரம்பிப்பார்கள். வீட்டுக்காரர் எழுந்து, கதவைத் திறந்து, இருப்பதைக் கொடுத்து உபசரிக்க வேண்டும். பிறகு அவரும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். கொகீட்டோ எப்போதும் தயாராக இருப்பது இதனால்தான். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும், அதைத் தாண்டியும் இது நடக்கும்.

முதல் வாய் குடித்தபோது எனக்கு அது வெளிநாட்டுச் சுவையாகவே தெரியவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. அதிலுள்ள முக்கியமான சரக்கு எதுவும் அந்தத் தீவில் முளைத்ததில்லை. கரும்பு நியூகினி பக்கத்துப் பயிர், கொலம்பஸ் 1493இல் கரீபியனுக்குக் கொண்டுபோனார். பட்டை இலங்கையின் சொத்து. சாதிக்காய் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளுடையது. பினாங்கில் நாம் ஊறவைத்துத் தின்னும் அதே சாதிக்காய். தேங்காய்? உலகத் தென்னைகளின் மரபணுவை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வு, தென்னையில் இரண்டு பெரும் குடும்பங்கள் உண்டு என்றது. ஒன்று பசிபிக்குடையது. மற்றது தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு பக்கத்தில் பழக்கப்படுத்தப்பட்டது. போர்ச்சுக்கீசியர் கப்பலேற்றி அட்லாண்டிக் பக்கம் கொண்டுபோனது இந்த இரண்டாவதைத்தான். புவேர்ட்டோ ரிக்கோவுக்கு அது 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. ஆக, நம் பாட்டி சமையலறைக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

ஊர் திரும்பியதும் வீட்டில் செய்யலாம் என்றேன். அம்மா தேங்காய்த் துருவலிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஏம்மா, தென்னையிலேருந்து கள்ளு வந்தது போதாதா? இப்ப ரம் வேறயா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா பிறந்தது கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம். சம்பள நாளன்று பாட்டி அவரைக் கையில் பிடித்துக்கொண்டு கள்ளுக்கடை வாசலில் போய் நிற்பாராம், தாத்தா கையில் மிச்சமிருப்பதை வாங்க. அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. இந்த மாதிரிக் கதை நம்மில் எத்தனையோ வீடுகளில் உண்டு. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் தானாக முளைத்தவை அல்ல. பிரிட்டிஷ் ஆட்சியின் அனுமதியோடு தோட்டத்துக்குள்ளேயே நடந்தவை. கொடுத்த கூலி அங்கேயே திரும்பி வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். பின்னால் வந்த சம்சு இன்னும் மோசம்.

புவேர்ட்டோ ரிக்கோவுக்கும் ஒரு சம்சு உண்டு. 'பித்தோர்ரோ' என்று பெயர். மலைப்பக்கம் ரகசியமாகக் காய்ச்சும் கரும்புச் சாராயம். கொகீட்டோவுக்கு ரம்மைவிட அதுதான் ருசி என்பார்கள் பழைய ஆட்கள். கரும்புத் தோட்டத்துக் கூலி வாழ்க்கை அவர்களுக்கும் தெரியும். அதனால் அவர்கள் குடியின் கேடு அறியாதவர்கள், நாம் அறிந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். தோழியின் அம்மா அதைக் கையாண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. சின்னக் கோப்பை, ஆளுக்கு ஒன்று, உட்கார்ந்து பேசிக்கொண்டு. பிள்ளைகளுக்கு ரம் விடாத பாட்டில் தனியாக.

அந்த இரண்டு பாட்டில் ஏற்பாட்டைச் சொன்ன பிறகுதான் அம்மா அடுப்பை விட்டுக் கொடுத்தார். சித்தி வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்கள். அங்கே கொண்டுபோக நான் செய்யும் அளவு இது.

விரல் நீளப் பட்டை இரண்டு, கிராம்பு நான்கு, இஞ்சி ஒரு சிறு துண்டு. 150 மில்லி தண்ணீரில் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். பட்டைத்தூளை நேரடியாகப் போட்டால் அடியில் மணலாகத் தங்கிவிடும். சூடு ஆறுவதற்குள் ஒரு டின் கெட்டிப் பாலை அதில் ஊற்றிக் கரையுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் கடைகளில் தே தாரிக்குப் போடும் டின்கள் பல, செம்பனை எண்ணெய் கலந்த 'கிரீமர்'. டின்னில் பால் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பிறகு ஒரு டின் எவாபரேட்டட் பால், 200 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால் பெட்டி மூன்று. தீவில் இனிப்பு சேர்த்த தேங்காய் கிரீம் டின் போடுவார்கள். அது இல்லாததால் மூன்று மேசைக்கரண்டி சீனி. மெல்லிய தீயில் ஆவி பறக்கும்வரை கிளறினால் போதும். கொதித்தால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும் என்பது நம் வீட்டுச் சொதி செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறியதும் ஒரு தேக்கரண்டி வனிலா, சாதிக்காய் ஒரு உரசல்.

முட்டை சேர்க்கலாமா என்பது அங்கே குடும்பங்களைப் பிரிக்கும் கேள்வி. தோழியின் அம்மா சேர்க்க மாட்டார், நானும் சேர்ப்பதில்லை. நம் வெயிலுக்குப் பச்சை முட்டை வேண்டவே வேண்டாம்.

இப்போது இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி அப்படியே பாட்டிலுக்குள். மற்றப் பாதியில் 150 மில்லி வெள்ளை ரம். கணக்குப் போட்டால் அதில் மது சுமார் 7 விழுக்காடு, பியரைவிடக் கூடுதல். 100 மில்லி கோப்பையில் இரண்டு குடித்தால் கிட்டத்தட்ட ஒரு டின் பியர். இனிப்பு அதை மறைத்துவிடும் என்பதுதான் ஆபத்து. பாயசம் போல் இறங்கும், எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். எனவே வண்டி ஓட்டுபவருக்கு ரம் இல்லாத பாட்டில்தான். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும், பெரிதாக எழுதி ஒட்டுங்கள். முஸ்லிம் நண்பர்கள் வரும் வீடென்றால் ரம் பாட்டிலை மேசைக்கே கொண்டுவராமல் இருப்பது மரியாதை.

குறைந்தது நான்கு மணி நேரம் குளிர வேண்டும். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறையும், பாட்டில் கழுத்தில் வெள்ளைக் கட்டியாக அடைத்துக்கொண்டு நிற்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் வெளியே வைத்து நன்றாகக் குலுக்குங்கள். ரம் இருப்பதால் மாதக்கணக்கில் தாங்கும் என்று நினைக்க வேண்டாம், அந்த 7 விழுக்காடு தேங்காய்ப்பாலைக் காப்பாற்றாது. ரம் பாட்டில் ஒரு வாரம், மற்றது மூன்று நாள் என்பது என் கணக்கு.

அம்மா ரம் இல்லாததில் அரைக் கோப்பை குடித்தார். கிராம்பு தூக்கல், இரண்டு போதும் என்றார். ஏலக்காய் இல்லாமல் இதென்ன பானம் என்றும் கேட்டார். அடுத்த முறை இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. புகைப்படத்தை நியூயார்க்குக்கு அனுப்பியதும் தோழியிடமிருந்து ஒரே வரி: அவள் அம்மாவுக்கும் ஏலக்காய் கொஞ்சம் தபாலில் வேண்டுமாம்.