காதுக்குள் 'கீ' என்று இரைவது ஏன்?

கொட்டாஞ்சேனைத் திருவிழாவிலோ வெள்ளவத்தைக் கலியாண மண்டபத்திலோ ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வீடு வந்தால், காது 'கீ' என்று இரைகிறது. ஏன்?

சுருண்டிருக்கும் உட்காதில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலி அதிர்வை நரம்புச் சமிக்ஞையாக மாற்றுபவை இவையே. பேரொலி அவற்றின் நுண்மயிர்களைக் குலைக்கிறது. வரும் சமிக்ஞை குறைய, மூளை தன் உணர்திறனைக் கூட்டுகிறது. அந்த மிகையே இல்லாத ஒலியாகக் கேட்கிறது என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம்.

பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஆனால் இறந்த மயிர்க்கலம் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 80 டெசிபெல்லை வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம். 100 டெசிபெல் என்றால் 20 நிமிடமே.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிகளைப் பொதுவாகத் தடுத்து இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டது. மற்ற நேரங்களில் பெட்டியை விட்டு விலகி நில்லுங்கள். இரைச்சல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.