தரவு அறிவியலும் ஓராண்டுப் பயிற்சியும்

"முன் அனுபவம் உண்டா?" பட்டம் பெற்று வேலை தேடும் நம் ஊர் அக்காமார்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். வேலை கிடைத்தால்தானே அனுபவம் வரும்? இந்த முடிச்சை அவிழ்க்க உதவுவது தொழில் பழகுநர் பயிற்சியாகும்.

இதற்கான சட்டம் நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும், 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கலை, அறிவியல் பட்டதாரிகளும் இதில் இடம் பெற்றனர். பட்டதாரிகளுக்குப் பயிற்சிக் காலம் பொதுவாக ஓராண்டு. மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019ஆம் ஆண்டு விதி வகுத்தது. தென் மாநிலங்களில் இப்பணியைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் உள்ளது.

இன்று தரவு அறிவியலிலும் இவ்வாறு பயிற்சி பெறலாம். தரவு அறிவியல் என்றால் என்ன? நமது மேல்மலையனூரையே எடுத்துக்கொள்வோம். அமாவாசைதோறும் அங்காளம்மன் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வருகிறது. அடுத்த அமாவாசைக்கு எத்தனை சிறப்புப் பேருந்துகள் வேண்டும்? சென்ற ஆண்டுகளின் பயணச்சீட்டுக் கணக்கை எடுத்து, எந்தக் கிழமை, எந்த மாதம், மழையா, விடுமுறையா என்று பிரித்துப் பார்த்தால், வரப்போகும் கூட்டத்தை ஓரளவு மதிப்பிடலாம். கணினி இந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடும்.

ஆனால் வேனிலும் இருசக்கர வண்டியிலும் வருவோர் அந்தக் கணக்கில் இல்லையே! கல்லூரியில் தரப்படும் அட்டவணை பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். பணியிடத்திலோ விடுபட்டதும் தவறாக எழுதப்பட்டதும் கலந்தே வரும். அவற்றைக் கண்டறிந்து திருத்துவதிலேயே பாதி நாள் போய்விடும். தாம் போட்ட மதிப்பீடு சரியா என்று அடுத்த அமாவாசை வரை காத்திருந்து பார்க்கவும் வேண்டும். பன்னிரண்டு அமாவாசைகளையும் பார்த்தால்தான் ஆடிக்கும் மாசிக்கும் உள்ள வேறுபாடு புரியும். ஓராண்டு ஏன் தேவை என்பது இதனால் விளங்கும்.

பயிற்சி முடிந்ததும் அந்நிறுவனமே வேலை தரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஆயினும் கையில் சான்றிதழ் இருக்கும்; அந்த முதல் கேள்விக்கு "உண்டு" என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

தோழியரே! சராசரி, நிகழ்தகவு என்று இவ்வாண்டு நாம் கணக்குப் பாடத்தில் படிப்பவைதாம் இத்துறையின் முதற்படிகள். "கணக்கு நமக்கு வராது" என்று சொல்லி, திறக்கவிருக்கும் கதவை நாமே சாத்திவிடாதிருப்போமாக!