உலகக் கோப்பைக்கான ஏணியில் இந்தியா எந்தப் படியில்?

ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை 2025 ஜூன் மாதம் மும்பையில் சென்னை புல்ஸ் அணி வென்றது. இறுதியாட்டத்தில் டெல்லி ரெட்ஸ் அணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை, 41-0. அதைப் பார்த்த, தாம்பரம் பக்கத்து முடிச்சூர்ப் பையன் ஒருவனுக்கு, இந்தியா எப்போது உலகக் கோப்பையில் ஆடும் என்ற கேள்வி எழுந்தால் அது நியாயமானதே. அடுத்த மாதமே ஹாங்காங் அணி தென்கொரியாவை வீழ்த்தி, 2027-ல் ஆஸ்திரேலியாவில் நடக்கவுள்ள உலகக் கோப்பைக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றது. ஆசியாவுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே நேரடி இடம் அது. அதற்காக மோதியவை ஹாங்காங், தென்கொரியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை ஆகிய நான்கு அணிகள். நாம் தோற்று வெளியேறவில்லை. அந்த நால்வரில் ஒருவராகவே இல்லை. உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுவது கடைசி ஆட்டத்தில் தீர்மானமாவதில்லை, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கீழ்ப்படிகளில் தீர்மானமாகிவிடுகிறது என்பதை இந்தப் பட்டியலே காட்டுகிறது.

1987-ல் முதல் உலகக் கோப்பை நடந்தபோது தகுதிச் சுற்றே கிடையாது. 16 நாடுகளை அழைத்து ஆடவைத்தார்கள். 2027-ல் ஆடப்போவது 24 அணிகள். அவற்றில் 12 அணிகளுக்கு 2023 உலகக் கோப்பையிலேயே இடம் உறுதியாகிவிட்டது. ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்கள் அவர்கள். யார் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியில் ஆண்டுதோறும் மோதும் ஆறு அணிகளும், தென்கோளத்தின் நான்கு நாடுகள் போட்டியில் ஆடும் நான்கு அணிகளும் ஒன்று விடாமல் அதில் இருக்கின்றன. வெளியிலிருந்து நுழைந்தவை ஃபிஜியும் ஜப்பானும் மட்டுமே. மீதி 12 இடங்களில் ஐரோப்பாவுக்கு நான்கு, பசிபிக் தீவுகளுக்கும் வட அமெரிக்காவுக்கும் சேர்த்து மூன்று, ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்காவுக்குத் தலா ஒன்று. எஞ்சிய இரண்டும், கண்டத்தில் வாய்ப்பைத் தவறவிட்ட அணிகள் தங்களுக்குள் மோதிப் பெறுவதற்கென விடப்பட்டவை.

இருப்பவர்களுக்கே இடம் ஒதுக்கும் ஏற்பாடு இது என்று குறை சொல்வோர் உண்டு. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் நோய் ஒதுக்கீட்டில் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பத்து நாடுகளையும் வலிமையோடு வைத்திருப்பது, ஆண்டு தவறாமல் தமக்கு நிகரானவர்களோடும் தம்மைவிடப் பெரியவர்களோடும் ஆடக் கிடைக்கும் வாய்ப்பு. போர்ச்சுகல் இதற்கு நல்ல சான்று. 2022 நவம்பரில் துபாயில் நடந்த கடைசி வாய்ப்புச் சுற்றில் அமெரிக்காவுடன் 16-16 என்று சமன் செய்து, புள்ளி வித்தியாசத்தில் அந்த அணி 2023 உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. இருபது அணிகளில் கடைசியாக வந்த அணி அது. அப்படி வந்தவர்கள் துலூஸ் நகரில் ஃபிஜியை 24-23 என்று தோற்கடித்தார்கள். அந்த வெற்றி வானத்திலிருந்து விழவில்லை. ஜார்ஜியா, ருமேனியா, ஸ்பெயின் போன்ற அணிகளோடு ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியில் ஆண்டுதோறும் ஆடி அவர்கள் தேறியிருந்தார்கள்.

எண்ணிக்கையைக் கூட்டினால் ஒருதலைப்பட்சமான ஆட்டங்கள்தான் பெருகும் என்பது இன்னொரு மறுப்பு. அதே 2023-ல் பிரான்ஸ் நமீபியாவை 96-0 என்று வென்றது. பார்க்கவே கஷ்டமான ஆட்டம். ஆனால் 1995-ல் நியூசிலாந்திடம் 145-17 என்று தோற்ற ஜப்பான், 2015-ல் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்றதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தோல்வியைச் சந்திக்காமலேயே ஓர் அணி வளர்ந்துவிடாது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பெரிய அணியிடம் அடிவாங்குவதுதான் வீண்; நடுவில் ஆட்டமே இல்லாதவனுக்கு அந்தத் தோல்வி எதையும் கற்றுத்தராது.

சென்னை புல்ஸ் வென்றது ஏழு பேர் ஆடும் ரக்பி. உலகக் கோப்பை என்று இதுவரை சொன்னது பதினைந்து பேர் ஆடுவது. மைதானம் ஒன்றே என்றாலும் ஆட்டம் வேறு. எண்பது நிமிடம், எட்டு பேர் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம், அதற்கென்றே வளர்க்கப்பட்ட கனத்த உடல்கள். இவை லீக்கில் உருவாகாது. ஆகவே லீக்கின் வெற்றியை வைத்து உலகக் கோப்பையை எதிர்பார்ப்பது பொருந்தாது. ஏழு பேர் ஆட்டத்துக்கு ஒலிம்பிக் வழி இருக்கிறது. அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தலா 12 அணிகள்தான் என்றாலும், குறைந்த வீரர்களைக் கொண்டு விரைவில் முன்னேற முடிகிற ஆட்டம் அது. இந்தியாவின் முதல் குறி அதுவாகவே இருக்க வேண்டும்.

வெளிநாடுவாழ் இந்தியரைச் சேர்த்தால் வேகமாக வளரலாமே என்பார்கள். ஒரு நாட்டுக்காக ஆட, தாத்தா பாட்டியில் ஒருவர் அங்கே பிறந்திருந்தாலே போதும் என்பது உலக ரக்பி விதி. ஆனால் இந்திய அணியில் ஆட இந்தியக் குடியுரிமை வேண்டும் என்பது நம் அரசின் கொள்கை. லண்டனிலோ சிட்னியிலோ வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தத் தடை இருக்கிறது. அதைத் தளர்த்தலாம் என்பதே என் கருத்து. ஆனாலும் இரவல் வீரர்களை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்கு ஸ்பெயின் இருக்கிறது. தகுதியில்லாத ஒரு வீரரை ஆடவைத்ததால் 2022-ல் புள்ளிகளை இழந்து, கையில் வந்த 2023 உலகக் கோப்பை இடத்தை ருமேனியாவிடம் விட்டது அந்த நாடு.

உள்ளூரிலேயே வீரர்களை வளர்ப்பது என்றால் மைதானத்துக்கு எங்கே போவது, கிரிக்கெட்டுக்கே இடமில்லையே என்பது தாம்பரம் பக்கத்தில் எவரும் கேட்கக்கூடிய கேள்வி. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெற்று நிலம் வீட்டுமனையாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் ரக்பிக்குத் தேவை ஏறத்தாழ ஒரு கால்பந்து மைதானம், அதிலும் விழுந்தால் தோலுரியாத புல்தரை. தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில், வண்டலூரைத் தாண்டி இருக்கிறது. கால்பந்து ஆடும் கல்லூரி மைதானங்களும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டு. ஆறேழு கல்லூரிகள் சேர்ந்து ஆண்டுக்கு நான்கைந்து மாதம் வாராவாரம் ஆடும் பதினைந்து பேர் லீக்கை நடத்த முடியும். அதற்கு ஏலம் வேண்டாம், வெளிநாட்டு நட்சத்திரங்களும் வேண்டாம். நடுவர்களையும் முதலுதவியாளர்களையும் பயிற்றுவிக்க வேண்டும், கழுத்திலும் தலையிலும் படும் அடிக்குச் சரியான மருத்துவக் கவனிப்பு வேண்டும், அட்டவணை மாறாமல் இருக்க வேண்டும். இந்த அட்டவணையைத்தான் முதலில் கேட்டுப் பெற வேண்டும். 2031 உலகக் கோப்பை அமெரிக்காவில் நடக்கவிருக்கிறது; அதற்கான ஆசியக் கீழ்ப்படி ஆட்டங்கள் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும்.