மெருகேற்றும் பேட்

காருக்கு மெருகேற்றும் பொறியின் முகத்தில் பொருத்தப்படும் நுரைப்பஞ்சு வட்டத்தைத் தொழிலாளர் பேட் என்பர். அது சுழலுந்தோறும் மெருகுக் குழம்பும், பூச்சினின்று உராய்ந்த துகளும் அதன் நுண்துளைகளில் அடைந்து இறுகும். இறுகிய பேட் விரைவில் சூடேறி, ஒளிக்கு மாறாக மங்கலையே தரும். காரின் மேற்பூச்சோ தலைமயிரினும் மெல்லியது. ஆதலின், ஒரு கதவு முடிந்ததும் பேட்டைத் தூரிகையால் துலக்கிய பின்னரே மறு கதவைத் தொடுதல் வேண்டும். எளிய செயலே, எனினும் விரைவு கருதிப் பலர் இதனை விட்டுவிடுகின்றனர்.

பணி முடிந்ததும், குழம்பு உலருமுன், வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பிட்டு அழுத்தி அலசுவர். கொதிநீர் ஆகாது; பின்புற ஒட்டுப்பட்டையின் பசை நெகிழும். முறுக்கிப் பிழிந்தால் நுரை கிழியும். நிழலில் உலர்த்தித் தூசு புகாத பையில் இடுவர். தரையில் விழுந்த பேட்டை வெறுமனே தட்டிவிட்டு மீண்டும் பொருத்துவோரும் உளர். அதில் ஒட்டிய ஒரு மணற்பருக்கை போதும், பளபளக்கும் பூச்சில் வட்டவட்டமாகக் கோடு கிழிக்க.