உங்களுக்குத் தெரியுமா? அக்கரையும் இக்கரையுமாக ஒரு குடித்தனம்

குமரி மாவட்டத்தில் எந்தத் தெருவிலும் போய், "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பஹ்ரைன், குவைத், கப்பல் என்று பதில் வரும். சில வீடுகளில் வீட்டுக்காரர் திண்ணையில் இருப்பார். மனைவி லண்டனிலோ டப்ளினிலோ நர்ஸாக இருப்பார். ஊர் வேறு, நேரம் வேறு, குடித்தனம் மட்டும் ஒன்று. அதை அன்றாடம் நடத்திக் காட்டுகிறவர்களைப் பற்றிச் சில செய்திகள்.

● குமரிமுனைப் பாறையில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி. பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு. மேலே உள்ள 95 அடி, பொருட்பாலின் 70 அதிகாரங்களுக்கும் இன்பத்துப்பாலின் 25 அதிகாரங்களுக்கும். அந்த 25-இல் 18 அதிகாரங்கள் கற்பியல். மணமானவர்களின் வாழ்வைப் பேசும் அந்தக் கற்பியலின் முதல் அதிகாரமே 'பிரிவாற்றாமை'தான். அதன் முதல் குறளில் ஒரு பெண் சொல்கிறாள்: போகவில்லை என்றால் என்னிடம் சொல், சீக்கிரம் வந்துவிடுவேன் என்ற பேச்சை, நீ வரும்வரை உயிரோடு இருப்பவர்களிடம் போய்ச் சொல். விசா வந்த இரவில் இந்த மாவட்டத்தின் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு, இதே கோபத்தோடு நடந்திருக்கிறது.

● கடல் கடந்து பொருள் தேடப் போகிறவன் மனைவியை உடன் கூட்டிப்போகும் வழக்கமில்லை என்று உரைகாரர்கள் பொருள் சொல்லும் ஒரு சூத்திரம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. அந்த நூலின் அரங்கேற்றத்தைக் கேட்டவர் அதங்கோட்டாசான் என்கிறது பாயிரம். அவருடைய அதங்கோடு, விளவங்கோடு வட்டத்தில் குழித்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் அதங்கோடுதான் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

● சேர்ந்து போகாமல் ஏன் தனியாகப் போகிறார்கள்? "காசு ஆசை" என்று ஊரில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒருவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள வேண்டுமானால் மாதச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹம் இருக்க வேண்டும். அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி தரும் தங்குமிடமும் வேண்டும். கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் டிரைவருக்கும் அந்தச் சம்பளம் எளிதில் வருவதில்லை. பிரிட்டன் 2024 மார்ச் 11 முதல், முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்க வரும் புதிய பணியாளர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ கூட்டிவரக் கூடாது என்று விதித்துவிட்டது. அடுத்தவர் வீட்டு முதியவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைக்கும் ஒரு பெண் தன் பிள்ளையை வீடியோவில் மட்டும்தான் பார்க்கலாம் என்று ஒரு நாடு சட்டம் எழுதியிருக்கிறது. பல தம்பதிகளைப் பிரித்து வைத்திருப்பது இப்படிப்பட்ட விதிகள்தான்.

● திருவனந்தபுரத்தில் ஏறினால் டெல்லிக்கு 3 மணி நேரத்துக்குச் சற்று மேல். துபாய்க்குச் சுமார் 4 மணி நேரம். வளைகுடாவும் ஆசியாவில்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போனவருக்கு அது வேறு கண்டம்தான்.

● 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவில் முதலிடம் குமரி மாவட்டத்துக்கு: 91.75 சதவீதம். இதற்கும் தம்பதிகளுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே உண்டு. கடிதக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத மனைவி, கணவனுக்கு எழுத அடுத்த வீட்டுப் பையனைத்தான் கூப்பிட வேண்டும். வந்த கடிதத்தையும் அவன்தான் வாசிப்பான். அப்படி வாசிக்கப்படும் கடிதத்தில் எந்தக் கணவன் மனசைத் திறப்பான்? திருவிதாங்கூரில் கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று ராணி பார்வதி பாய் ஆணையிட்டது 1817-இல். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அந்தத் தொடக்கத்தின் பலனாக, இங்குள்ள பெண்கள் பலரால் தங்கள் கடிதத்தைத் தாங்களே எழுதி, தாங்களே ஒட்ட முடிந்தது.

● கடிதத்துக்கும் போனுக்கும் நடுவில் கேசட் என்று ஒரு காலம் இருந்தது. கேசட் 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்ஃபிலிருந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த டூ-இன்-ஒன், பாட்டுக் கேட்க மட்டும் பயன்படவில்லை. சி-60 கேசட் ஒன்றை வைத்து வீடே உட்கார்ந்து பேசும். ஒரு பக்கம் 30 நிமிஷம். முதலில் மாமி பேசுவார்: உடம்பு சுகம், தென்னைக்கு உரம் வைத்தது, யாருக்குக் கல்யாணம், யார் செத்தது. அடுத்து பிள்ளைகள் திருக்குறளோ சங்கீதமோ ஒப்பிப்பார்கள். கடைசியில் மனைவியின் முறை வரும்போது அறையில் எல்லோரும் இருப்பார்கள். "அத்தான், கெணத்துல தண்ணி கெடக்கு. மதிலு கட்டிப் பாதி நிக்குது. சாப்பாட்டைப் பார்த்துக்கிடுங்க." அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பும் யாராவது ஒருவரின் பெட்டியில் பதில் கேசட் வந்து சேரும். எட்டுப் பேர் தங்கும் அறையில், கட்டிலில் படுத்துக்கொண்டு, மனைவி பேசிய அந்த அரை நிமிஷத்தை ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து நாடா தேயக் கேட்ட ஆண்கள் உண்டு. கேரளத்தின் மலபாரில் இந்தப் பிரிவு ஒரு பாட்டு வகையாகவே வளர்ந்தது: எஸ்.ஏ. ஜமீல் எழுதிய 'துபாய்க் கத்துப்பாட்டு', பிரிந்த மனைவி கணவனுக்கு எழுதும் கடிதமாக அமைந்து, கேசட்டுகளில் ஊரூராகப் போனது.

● பழைய வெளிநாட்டுப் போனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஹலோ, ஹலோ" என்று மோதிக்கொண்டதற்குக் காரணம் இயற்பியல். புனே அருகே ஆர்வியில் எழுபதுகளின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட தரை நிலையம் போன்றவற்றின் வழியே குரல் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பியது. அந்தக் கோள் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஏறி இறங்கவே கால் நொடி. பதில் வர இன்னொரு கால் நொடி. "நல்லா இருக்கியா பிள்ளே?" என்று கேட்டுவிட்டு அரை நொடி மௌனம் வந்தால், ஏதோ சரியில்லை என்று மனசு பதறிவிடும். இப்போது குரல் கடலுக்கடியில் கண்ணாடி இழையில் ஓடுகிறது. தாமதம் காதில் படுவதே அபூர்வம்.

● வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு 2016 நவம்பரில் வந்தது. சவுதி அரேபியா இணைய அழைப்புகளுக்கான தடையை 2017 செப்டம்பரில் நீக்கியது. அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. உரிமம் பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச முடியும். எங்கள் பக்கத்துப் பாட்டிமார்கள் போனில் அந்தச் செயலியைத் தாங்களே திறக்கும் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

● நேரக் கணக்கு. இந்தியாவை விட அமீரகமும் ஓமனும் ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். பிரிட்டனோ வருஷத்துக்கு இரண்டு முறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் நாலரை மணி, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் ஐந்தரை மணி.

இதைக் காகிதத்தில் படித்தால் எண். வீட்டில் அது வேறு. பிரிட்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேலை முடித்து நர்ஸ் வெளியே வரும்போது காலை 8 மணி என்று வையுங்கள். குளிர்காலமானால் நாகர்கோவிலில் பகல் ஒன்றரை. கணவர் சோறு போட்டு உட்கார்ந்திருப்பார். போன் செம்பில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அவருக்கு மரச்சீனியும் மீன்கறியும். அவளுக்குப் பஸ் நிறுத்தத்தில் குளிரும், கையில் ஒரு காப்பியும். "புளி கூடிப்போச்சு" என்று இவர் சொல்வார். "நான் எத்தனை தடவை சொன்னேன், குடம்புளி ரெண்டு சுளை போதும்னு" என்று அவள் திட்டுவாள். அவள் தூங்கப் போவதற்கு முன் கடைசியாகப் பார்ப்பது அந்த மதியச் சோறுதான். ஏப்ரல் வந்ததும் அதே பஸ் நிறுத்தம், இங்கே பன்னிரண்டரை; சோறு வடித்திருக்காது. அதற்காகவே அடுப்பை ஒரு மணி நேரம் முன்னால் பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். கணவன் சமைப்பதைக் கேலி பேசிய ஊர்தான் இது. கடல் தாண்டிப் போன பெண்கள் அந்தப் பேச்சின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து வருகிறார்கள். எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.

● வளைகுடா நாடுகள் பலவற்றில் வெள்ளிதான் விடுமுறை என்பதால் அங்குள்ள தேவாலயங்களில் பெரிய கூட்டம் வெள்ளிக்கிழமை ஆராதனைக்குத்தான். குமரியில் மனைவி ஞாயிறு கோயிலுக்குப் போகும்போது கணவன் வேலையில் இருப்பான். அமீரகம் 2022 ஜனவரி முதல் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. அந்த விடுமுறை கிடைத்தவர்களின் வீட்டில் ஞாயிறு மறுபடி இரண்டு பேருக்கும் பொதுவானது.

● நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தில் பிறந்த விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை 1934-இல் பெர்லினில் இறந்தார். தன் சாம்பலில் ஒரு பங்கைக் கரமனை ஆற்றில் கரைக்கவும், மீதியை நாஞ்சில் நாட்டு வயல்களில் தூவவும் வேண்டும் என்பது அவருடைய ஆசை. மனைவி லட்சுமிபாய் அந்தச் சாம்பலை 32 ஆண்டுகள் காத்து வைத்திருந்தார். 1966-இல் ஐ.என்.எஸ். டெல்லி போர்க்கப்பலில் அதைக் கொச்சிக்குக் கொண்டுவந்து கணவரின் சொல்லை நிறைவேற்றினார். ஊரில் செண்பகராமன் பெயர் தெரிந்தவர்கள் உண்டு. லட்சுமிபாய் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

● ஈரானிலும் பஹ்ரைனிலும் பிற அரபு நாடுகளிலும் குமரி மீனவர்கள் அந்த ஊர் முதலாளிகளின் படகில் வேலை செய்கிறார்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, மீன்பாட்டில் பங்குதான். 2020-இல் கொரோனா ஊரடங்கில் ஈரானில் மாட்டிக்கொண்டபோது கடலும் இல்லை, பங்கும் இல்லை. இங்கே மனைவிமார் பிள்ளைகளோடு மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். கடைசியில் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஷ்வா 680-க்கும் மேற்பட்டோரை பந்தர் அப்பாசில் ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்தது.

● பார்சல் கட்டுகிறவர்கள் கவனிக்க: கசகசா நம் குருமாவில் சாதாரணம். அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள்; பையில் இருந்தால் வழக்கும் ஜெயிலும் வரலாம். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில்கூட அது வேண்டாம். பிரிட்டனுக்குக் கறியும் பால் பொருளும் கூடாது, பால்கோவாவை விட்டுவிடுங்கள். முந்திரிக்கொத்துக்குத் தடை இல்லை. சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தது. பல நாள் தாங்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழத்தால்தான் பயணம் தாங்க முடியாது. ஊருக்கு வருகிறவர் வந்து இறங்கும் நாளில் ஒரு குலை பழுத்துத் தொங்க வேண்டும் என்று நாள் கணக்குப் பார்த்துக் குலை வெட்டுவார்கள்.

● வெளிநாட்டில் இருக்கும் கணவன் இங்கே மனைவிக்கு 'பவர்' எழுதிக் கொடுத்தால், அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்கிறது இந்திய முத்திரைச் சட்டம். தூதரகத்தில் கையெழுத்தை உறுதிசெய்து அனுப்பிவிட்டால் போதும் என்று நினைத்து, பத்திரத்தை அலமாரியில் பூட்டி வைத்துவிடுகிறவர்கள் பலர். பவர் கைக்கு வந்தபின் நடக்கும் பெரிய வேலை வீடுதான்: இந்த மாவட்டத்தில் புதிய வீடுகளில் எத்தனையோ வீடு, பெண்கள் தனியாக நின்று கட்டியவை. கம்பி எத்தனை எம்.எம்., ஜல்லி எந்தக் குவாரி, கான்கிரீட் போடும் நாளில் எத்தனை ஆள் என்று அவர்களைக் கேளுங்கள், விரல் நுனியில் சொல்வார்கள். ஆனால் வீட்டு வாசலில் வீட்டுக்காரர் பெயரை மட்டும் பொறிக்கிறார்கள். கட்டியவர் பெயரும் பத்திரத்திலும் வாசலிலும் இருக்கட்டும்.

● 2023 ஜனவரியில் அமீரகம், சவுதி, ஓமன், கத்தார், பிரிட்டன், சிங்கப்பூர் உள்ளிட்ட 10 நாடுகளின் கைபேசி எண்ணை வைத்தே, வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கில் யுபிஐ பயன்படுத்த அனுமதி வந்தது. மாதம் ஒருமுறை டிராப்ட் வந்த காலம் போய், மார்த்தாண்டத்துப் பலசரக்குக் கடைக்கு மஸ்கட்டிலிருந்தே பணம் போகிறது. செலவைப் பற்றிச் சண்டையும் இப்போது அன்றன்றைக்கே தீர்ந்துவிடுகிறது.

● கப்பலில் இருப்பவர்களின் மனைவிமார் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, விடுப்பு இல்லாமல் ஒருவரை 12 மாதம் தொடர்ந்து கப்பலில் வைத்திருக்கக் கூடாது. 2024 டிசம்பர் 23 முதல் நடப்பில் உள்ள திருத்தம், முடிந்தவரை கப்பலிலேயே இணைய வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஏஜென்டிடம் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: தினம் எத்தனை எம்.பி. தருவீர்கள்? வீட்டுக்கு வீடியோ போகுமா?