முகவாதமும் சீன ஊசியும்

முகத் தசைகளை இயக்கும் ஏழாவது மூளை நரம்பு வீங்கிச் செயலிழப்பதால் வருவதே பெரும்பாலான முகவாதம். ஒரு பக்கக் கண் மூடாது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் கடைவாயில் வழியும். ஆவடி, அம்பத்தூர் பக்கம் மின்சார ரயிலின் ஜன்னலோரக் காற்றைப் பழி சொல்பவர்கள் உண்டு. சீன மருத்துவமும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது: குளிர்காற்று முகத்தின் நாடிகளில் புகுந்து ஓட்டத்தை அடைத்துவிடுகிறதாம்.

அந்த அடைப்பை நீக்கத்தான் அக்குபங்சர். புருவத்துக்கு மேலும், உதட்டோரத்திலும், தாடைக் கோணத்திலும் மெல்லிய ஊசிகள் இறங்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலும் ஒன்று. முகவாதத்துக்கான பழைய சீனச் சூரணம் ஒன்றில் தேளும், பூஞ்சை பிடித்துச் செத்த பட்டுப்புழுவும், நச்சுக் கிழங்கும் சேரும். வீட்டில் முயலக் கூடாதது.

1938இல் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவைச் சேர்ந்த டாக்டர் பி.கே.பாசு, 1959வாக்கில் இந்த ஊசிமுறையைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். 2019இல் மத்திய அரசு அதை அங்கீகரித்தது.

பலன்? பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடுவதால் ஊசியின் பங்கைப் பிரித்துச் சொல்வது கடினம். பலன் உறுதியானது 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்குத்தான். நெற்றியைச் சுருக்க முடிந்தும் வாய் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழைக்க வேண்டும்.